தவளையின் பின்னங்கால்

தாவும்போது தவளைக்குப் பின்னங்கால் தசைநார் கிழிந்துவிட்டது.

"தண்ணிக்குள்ள காலை மெதுவா நீட்டி மடக்குங்க. அப்புறம் சின்னச் சின்னதா தாவலாம். வலி போயிடுச்சுன்னு உடனே குதிச்சிடாதீங்க" என்றது ஆமை.

முதல் மழைக்குள் பழையபடி தாவியாக வேண்டும் என்று தவளைக்கு அவசரம். கரையில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றிருந்தது. பாவம், இதற்கும் காலில் அடிதான் என்று நினைத்துத் தவளை அதனிடம் யோசனை கேட்டது.

"வலி இருக்கா?" என்றது கொக்கு.

"இப்போ இல்லீங்க."

"அப்போ ஆறிடுச்சு. இப்படி என் பக்கமா ஒரு தாவு தாவிப் பாருங்க."

தவளை தாவியது. பாதியிலேயே கால் இழுத்துக்கொள்ள, கொக்கின் காலடியில் போய் விழுந்தது.

மறுநாள் தவளையின் தம்பி வந்து, "அண்ணனுக்குக் கால் எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தது.

கொக்கு மறுகாலுக்கு மாறி நின்றுகொண்டது.

"இப்போ அவருக்கு வலியே இல்லை" என்றது.