பக்கவாசல் பூட்டு

வந்த ஆள் பீடத்தடியிலிருந்து தலைவாசல் வரை காலடி எண்ணி நடந்தார். முப்பத்தொன்று. சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

கோயில்பிள்ளை இன்னாசி, கையில் விளக்குமாறோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். கிறிஸ்துமசுக்கு நான்கே நாள் இருந்தது. பெரும்பாறைக்கு மேலே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் சின்ன மாதா கோயில் அது. பூசை வைக்கும் சாமியார் வத்தலக்குண்டிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில், கோயில்பிள்ளையான இன்னாசியின் பொறுப்பு.

"பிஷப்போட மேற்றிராசனத்துல இருந்து அனுப்பியிருக்காங்க. தீ, திருட்டு, நெரிசல்னு எதாச்சும் வந்தா கோயில் தாங்குமான்னு பாக்கணும்" என்றார் வந்தவர். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, வேட்டி, தோளில் துணிப்பை.

இன்னாசி நம்பவில்லை.

போன வருஷம் இதே மாதம்தான் மாதா சொரூபத்தின் வெள்ளிக் கிரீடம் காணாமல் போனது. திருடன் பக்கவாசல் வழியாக வந்திருந்தான். ஊர் திருடனைத் தேடவில்லை, இன்னாசியைப் பார்த்தது. டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர் எழுந்து போவார். ஆறு மாதம் கழித்து மதுரையில் வேறொருவனிடம் கிரீடம் அகப்பட்டது. அப்போதும் யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகுதான் திண்டுக்கல்லுக்குப் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு வாங்கிவந்து பக்கவாசலின் உள்பக்கம் மாட்டினான்.

கிறிஸ்துமஸ் பூசைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார் வந்தவர். சன்னல் கம்பி இரும்பா, மரமா? தலைவாசல் உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா? தண்ணீர் எங்கே? பக்கவாசல் சாவி யாரிடம்?

எல்லாம் திருடன் கேட்கிற கேள்வி.

முந்நூறு பேர் வருவார்கள் என்றான் இன்னாசி. அது மட்டும்தான் உண்மை. தினமும் மூன்று பேர் கோயிலுக்குள் காவல் படுக்கிறார்கள் என்றான். இரண்டு நாய் இருக்கிறது, கடித்தால் விடாது என்றான்.

வந்தவர் காவலையும் நாயையும் எழுதவில்லை. முந்நூறு என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

பிறகு வைக்கோல் வேய்ந்த கிறிஸ்துமஸ் குடிலிடம் போனார். சுற்றியிருந்த மெழுகுவர்த்திகளை எண்ணினார். வைக்கோலைத் தொட்டவர், விரலை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

இன்னாசிக்கு அதுவும் நடிப்பாகவே பட்டது. ஓரமாக உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த மனைவி சின்னத்தாயியிடம் குனிந்தான்.

"வெரசா போயி கணக்கப்பிள்ளையக் கூட்டியா. ஆளுகளோட வரச் சொல்லு."

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நல்லுசாமி இங்கிலீஷ் படித்தவர். போலிக் காகிதம் அவர் கண்ணுக்குத் தப்பாது.

அவள் போனதை வந்தவர் கவனித்ததாகத் தெரியவில்லை. சன்னல்களை ஒவ்வொன்றாக அளந்துவிட்டு வந்தார்.

"ஒரு சோலி செய்யுங்க. பீடத்துக்கிட்ட நின்னு கண்ண மூடிக்கங்க. பொகையில கண்ணு தெரியலன்னு நெனச்சுக்கிட்டு, போயி பக்கவாசலத் தொறங்க."

இன்னாசி ஒரு கண்ணைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே நடந்தான். பீடத்தில் வெள்ளிப் பாத்திரம் இருந்தது. ஆனால் அந்த ஆள் பீடத்தின் பக்கமே போகவில்லை. நின்ற இடத்தில் நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் முழங்கால் இடித்தது. வளையத்தில் எட்டுச் சாவி. முதல் மூன்றும் நுழையவில்லை. நாலாவது நுழைந்தது, திரும்பவில்லை. மலைப்பனி பூட்டில் துருவேற்றியிருந்தது. இன்னாசி இரண்டு கையாலும் திருகினான்.

பின்னால் குரல் எழுபதைத் தாண்டியது. அதற்கு மேல் அது எண்ணுவதுபோல் இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது.

நூற்றுப்பன்னிரண்டில் பூட்டு திறந்தது.

கதவுக்கு வெளியே, நான்கு ஆட்களோடு நல்லுசாமி அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார்.

"மேற்றிராசனத்துக் கடுதாசி வச்சிருப்பீங்கள்ல. எடுங்க, பாப்போம்" என்றார் உள்ளே வந்ததும்.

வந்தவர் தயங்கினார். பிறகு சட்டையின் உள்பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மடிப்புகள் நைந்து கிழியும் நிலையில் இருந்தன.

நல்லுசாமி படித்தார். ஆட்களைத் திரும்பிப் போகச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றான் இன்னாசி.

"கோர்ட்டுக் காயிதம்." நல்லுசாமியின் குரல் தாழ்ந்திருந்தது. "மலைக்குக் கீழ, நாட்டுப்பக்கம் ஒரு கோயிலு. கிறிஸ்துமஸ் அன்னைக்குக் குடில்ல தீப்பிடிச்சிருக்கு. பத்தொம்பது பேரு. திருட்டுக்குப் பயந்து பக்கவாசலப் பூட்டி வச்சிருந்தாங்களாம். இவருதான் அங்க கோயில்பிள்ளை. குத்தமில்லன்னு விட்டுட்டாங்க."

அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

இன்னாசி பூட்டை மறுபடி மாட்டவில்லை. அதை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

"அப்ப, மேற்றிராசனத்துல இருந்து அனுப்பினாங்கன்னு சொன்னது?"

"யாரும் அனுப்பலைங்க" என்றார் அவர். நோட்டைத் துணிப்பைக்குள் வைத்தார். "இதோட இருபத்திமூணு கோயிலாச்சு."