பூனை இல்லாத வீடு

"பூனையைக் குடுத்திட்டன் தம்பி," என்றாள் சுகிர்தம், போன் திரையில் தெரிந்த ஜொனதனிடம்.

தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். கனகாலத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து குடும்பத்தோடு வரப்போகிறான். "பிள்ளைக்குப் பூனை ஒத்துவராது அக்கா, மூச்சிழுப்பு வந்திடும். நாங்கள் ஹோட்டலிலை நிப்பம்," என்று போன கிழமை சொல்லியிருந்தான். அதனால்தான், தன்னோடு படுத்தெழும்பிய ஒரே உயிரை வல்வெட்டித்துறையில் ஒரு மீன்காரியிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

"மெத்தையும் புதுசு வாங்கிட்டன். நீங்கள் இனி இஞ்சையே நிக்கலாம்."

ஜொனதன் வாய் திறக்குமுன், அவனுடைய ஒரே மகள் ரேச்சல் ஓடிவந்து திரைக்குள் முகத்தை நீட்டினாள். அவள் தோளில் சாம்பல்நிறப் பூனையொன்று சொகுசாகக் கிடந்தது.

"மாமி, இது எங்கடை பூனை! ஒவ்வொரு நாளும் என்னோடைதான் படுக்கும்!"

ஜொனதன் தலை குனிந்தான்.

"சிக்னல் இல்லைப் போல தம்பி," என்றாள் சுகிர்தம். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை."