மடித்துவிட்ட சட்டைக்கை

தொண்டை அடைப்பான் வந்த பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மரத்தில் ரம்பம் இழுப்பதுபோல் வார்டு முழுக்கக் கேட்கிறது. கட்டில் விளிம்பில் பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நின்று அவளுடைய பெரியப்பா முழங்கிக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கிளம்பியவளை அன்றைக்கு வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிய மகானுபாவர் இவர்தான். இன்னும் வாய் ஓயவில்லை. "நான் எந்த ஊசிய கண்டேன்? குத்துக்கல்லு மாதிரி இல்ல?" என்று சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டி, கையை மடக்கிக் காட்டுகிறார். குழல்விளக்கின் வெளிச்சத்தில் மேல்கையில் காசளவுக்குப் பளபளக்கிறது, சின்ன வயதில் அம்மைத் தடுப்பூசி குத்திய தழும்பு. அவள் எழுந்து வந்து, அதன்மேல் விரலை வைத்து அழுத்துகிறாள். "உங்கம்மா உங்களத் தூக்கிட்டுப் போனப்ப, வாசல்ல யாரும் மறிக்கல பெரியப்பா." அவர் சட்டைக்கையை இறக்கிவிடுகிறார். வார்டில் பிள்ளையின் மூச்சு மட்டும் ரம்பம் இழுக்கிறது.