அவசர ஸ்லைஸில் ஒரு தண்ணீர் மீட்டர்

எந்தக் கருவி நெட்வொர்க்கின் எந்த ஸ்லைஸில், அதாவது எந்தத் தனிப் பாதையில், ஓட வேண்டும் என்று பிரித்துவிடுவதுதான் அவன் வேலை. தண்ணீர் மீட்டர்களுக்கு மெதுவான ஸ்லைஸ். நாளுக்கு ஒரு தடவை வாய் திறந்தால் போதும். நோயாளிகளின் நெஞ்சில் ஒட்டி நாடித்துடிப்பை எண்ணுகிற கருவிகளுக்கு அவசர ஸ்லைஸ்.

ஒரேயொரு தண்ணீர் மீட்டர் மட்டும் அவசர ஸ்லைஸில் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாக அவன் அதை மெதுவான ஸ்லைஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும். பாஸ்வேர்டு தெரிந்தது இரண்டே பேருக்கு. இன்னொருவர் பக்கத்து மேஜை ஹெட்போன் அண்ணன்.

"விளையாடாதீங்கண்ணே."

"எனக்கு வேற வேலை இல்லையா? சத்தியமா தொடலப்பா. அது பூட்டிக் கெடக்கிற வீடு. நாலு வருஷமா குழாயே தெறக்கல."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நம்பாமல், மீட்டர் அனுப்பும் எண்களைத் திறந்து பார்த்தான். 72. பிறகு 71. பிறகு 73. தண்ணீர்க் கணக்கு ஏறுமே தவிர இறங்காது.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். புது நோயாளிக்கு அவசர ஸ்லைஸில் ஓர் இடம் வேண்டுமாம். ஸ்லைஸ் நிரம்பியிருந்தது. மீட்டரைத் தூக்கினால் இடம் கிடைக்கும்.

'நீக்கு' பொத்தான் மேல் மவுஸைக் கொண்டுபோனான். 96. விரலை வைத்தான். 131. வெடுக்கென்று கையை எடுத்தான். 72.

அண்ணனின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

மறுபடி கையை நீட்டினான். 148.

ஆஸ்பத்திரிக்கு 'இடம் இல்லை' என்று எழுதி அனுப்பினான். எண் நிதானமாக 72க்கு இறங்கியது.