குறுக்குப் பட்டை

'டங்' என்று ஒரு சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 'தொபுக்' என்று இன்னொன்று.

வாட்ச்மேன் கையிலிருந்த இரும்புப் பட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அது மெக்கானிக்கின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"ஒரு போல்ட்டு முறுக்கற வரைக்கும் பிடிக்க முடியாதாண்ணே?" என்று ஒற்றைக்காலில் குதித்தான் அவன்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே குடியிருக்கும், ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவன். அவனுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்துக்கு வெறும் ரெக்சின் மூடிதான். போன வாரம் எவனோ ஒரு புண்ணியவான் அதன் ஓரத்தைத் தூக்கி, கேஸ் சிலிண்டரையும் வேக்குவம் பம்ப்பையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். தகர மூடிக்கு விலை கேட்டான், தலை சுற்றியது.

சரி, நம் மூளை எதற்கு இருக்கிறது? ரெக்சினின் பின் விளிம்பை அழுத்திக்கொண்டு குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. ஒரு முனையில் போல்ட்டு, மறுமுனையில் பூட்டு. பட்டை பழைய இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைத்தது. இரண்டு முனையிலும் துளையோடு, அவன் வண்டிக்கே அளவெடுத்தது போல. ஏது என்று பேச்சுக்குக் கேட்டான்.

"இரும்புக்கு என்ன சார், பேரா ஊரா?" என்றார் கடைக்காரர். அவனும் அதற்கு மேல் கிண்டவில்லை.

மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வாட்ச்மேன் நாலு நாளாகப் பின்பக்கத்தில் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இதை விட்டு நகர முடியாது தம்பி என்று இழுத்தார்.

"என்னண்ணே, அடைகாக்கறீங்களா?" என்றான்.

அவர் சிரித்துவிட்டு எழுந்து வந்தார்.

மெக்கானிக் நொண்டிக்கொண்டு பின்பக்கம் போனபோது கூட்டம் கூடிவிட்டது. தொட்டி மூடி ஒரு பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் வாட்ச்மேன். அவர் தலைக்கு மேலே, நீட்டிய இரண்டு கைகளில், மூன்றாவது மாடி டெய்லரம்மாவின் மூன்று வயது மகள். காலி நாற்காலியில் ஏறப் போயிருக்கிறாள், மூடி ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

குழந்தை இருமியது. தண்ணீரைக் கக்கியது. பிறகு வீறிட்டது. அந்த அழுகை வந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பேச்சே வந்தது.

டெய்லரம்மா குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, மிச்சமிருந்தவர்கள் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட மெக்கானிக்கின் குரல்தான் உயர்ந்தது. கட்டைவிரல் வலியும் சேர்ந்துகொண்டது.

"ஒரு தொட்டியைப் பூட்டி வைக்கத் துப்பில்லையா? நான் துணி மூடிக்கே பூட்டுப் போடறேன்!"

சொட்டச் சொட்ட நின்ற வாட்ச்மேன் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரியைப் பார்த்துச் சொன்னார். "குறுக்கே போட்டிருந்த பட்டையை நாலு நாள் முன்னாடி எவனோ பூட்டை அறுத்து எடுத்துட்டுப் போயிட்டான் சார். அன்னிக்கே வந்து சொன்னேன். அடுத்த மாசம் பாக்கலாம்னீங்க. அதான் நானே மேல உட்கார்ந்திருந்தேன்."

மெக்கானிக்குக் கட்டைவிரல் வலி மறந்துபோனது. தொட்டியின் இரண்டு பக்கமும் சிமெண்டில் பதித்த வளையங்கள் வெறுமையாக நின்றன. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அவன் கண் ஒரு முறை போய்வந்தது. அளவெடுக்கத் தேவையே இருக்கவில்லை. காலையில்தான் எடுத்திருந்தான்.

"உட்கார்ந்திருந்தவன் ஏன்யா எழுந்தே?" என்றார் செக்ரட்டரி.

மெக்கானிக் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். இதோ, சொல்லப் போகிறார்.

வாட்ச்மேன் யாரையும் பார்க்கவில்லை. "வெயில் தாங்கல சார். நிழலுக்கு ஒதுங்கினேன்."

அவ்வளவுதான். நாளைக்கு வேறு ஆள் வரும் என்று செக்ரட்டரி அங்கேயே முடித்துவிட்டார். மூடியை நேராக்கி இரண்டு மணல் மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார்கள். திட்டியவர்கள் திட்டிக்கொண்டே மாடியேறினார்கள்.

வாட்ச்மேன் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். மெக்கானிக் மெல்ல அருகில் போனான்.

"நான் கூப்பிட்டுத்தானே வந்தீங்க. ஏண்ணே சொல்லல?"

"சொன்னா, எதுக்குக் கூப்பிட்டார்னு கேப்பாங்க. வண்டிகிட்டப் போவாங்க."

"பட்டை... உங்களுக்குத் தெரியுமா?"

"ஆறு வருஷமா தினம் ரெண்டு வேளை போட்டு எடுத்தது தம்பி. கையில பிடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஏதுன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள சத்தம்."

"திருடினது நான் இல்லண்ணே. கடையில வாங்கினேன்."

"அது எனக்குத் தெரியாதா? மத்தவங்களுக்குத் தெரியணுமே." சட்டையை உதறி மாட்டிக்கொண்டார். "எனக்குப் போனது வேலை. காவலுக்கு இன்னொரு கேட்டு கிடைக்கும். நீங்க வீடு வீடா உள்ளே போய் வேலை பாக்கறவர். திருட்டுச் சாமான்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா, அப்புறம் எந்த வீட்டுல கதவைத் திறப்பாங்க?"

மெக்கானிக் மாடிப்படியைப் பார்த்தான். செக்ரட்டரி வீடு முதல் மாடிதான். பதினெட்டுப் படி. கால் நகரவில்லை.

வாட்ச்மேன் சுவரோரம் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்தார். சிந்திய தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தவர் அவன் அருகில் வந்ததும் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. உங்க காலடியிலதான் தேங்குது" என்று சொல்லிவிட்டு, மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.