ருசி பார்த்த கையெழுத்து

"சமையல்காரம்மாவை மாத்துங்க சார். இல்லீன்னா நாளையிலருந்து எங்க புள்ளைங்களுக்குச் சோறு எங்க ஊட்லருந்துதான் வரும்."

தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று ஜீவானந்தம் இதைச் சொன்னபோது, அவருக்குப் பின்னால் பதினைந்து இருபது பெற்றோர் நின்றார்கள். புதுச்சத்திரத்தை அடுத்த அந்த நடுநிலைப்பள்ளிக்கு இத்தனை பேர் சேர்ந்து வந்தது, தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்ட வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான்.

சமையல்காரம்மா என்றால் கண்ணாத்தாள். மார்பில் கட்டி வந்து, சேலத்தில் ஆபரேஷன், மருந்து என்று ஏழு மாதம் போராடிவிட்டு, மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போன மாதம்தான் சத்துணவுக்கூடத்துக்குத் திரும்பியிருந்தாள். புருஷன் இல்லை. இந்த வேலையும் போனால் அவள் எங்கே போய் நிற்பாள் என்பது வந்தவர்களுக்கும் தெரியாததல்ல.

தலைமையாசிரியர் அறிவியல் டீச்சர் மைதிலியைப் பார்த்தார். ஏழாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடத்தில் புற்றுநோயைப் பற்றி எடுத்தவள் அவள்தான்.

"எல்லாரும் என் வகுப்புலயே வந்து உக்காருங்க," என்றாள் மைதிலி.

பின்பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஜீவானந்தம் கோழிப்பண்ணைக்காரர். நோய் என்றால் அவருக்குப் பண்ணை நோய்தான்.

"ஏனுங்க டீச்சர், ஒரு கோழி சுணங்கினா நாங்க ஷெட்டையே சந்தேகப்படுவோமுங்க. உள்ள போறதுன்னா மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டுத்தான் போவோம். எங்க புள்ளைங்க கோழியவிடக் கேவலமாங்க?"

யாரோ சிரித்தார்கள். மைதிலி சிரிக்கவில்லை. கோழிக்கு வருவது வெளியிலிருந்து வரும் கிருமி. இது உடம்பின் சொந்த செல்லே சொல்பேச்சுக் கேளாமல் பெருகுவது. ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்குத் தாவாது என்று பொறுமையாக விளக்கினாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"தொட்டா ஒட்டுமா?"

"ஒட்டாது டீச்சர்."

"அவங்க ஆக்குன சோத்தைச் சாப்பிட்டா?"

"ஒட்டாது டீச்சர்."

"உடம்புல கட்டி தெரிஞ்சா?"

"மறைக்கக் கூடாது. உடனே டாக்டர்கிட்டப் போகணும்."

ஜீவானந்தத்தின் மகள் இனியாவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார். ஆனாலும் விடவில்லை.

"பாடம் சரிங்க. சோறு ஆக்குனதும் ஒரு டீச்சர் ருசி பாத்துக் கையெழுத்துப் போடோணுமாமே. அந்த நோட்டைக் காட்டுங்க. ஆரு சாப்பிடறாங்கன்னு பாக்கலாம்."

நோட்டு வந்தது. கண்ணாத்தாள் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் ஒரே கையெழுத்து. மைதிலி.

ஜீவானந்தம் தேதி தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"டீச்சரு ஊட்லயும் ரெண்டு வயசுல குழந்தை இருக்குது. அவங்களே தெனமும் சாப்பிடறாங்க. நமக்கென்னப்பா." பிறகு மைதிலியிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பாடத்தைவிட உங்க கையெழுத்துத்தான் எனக்கு வெளங்குச்சு," என்றார்.

கூட்டம் கலைந்தது. கண்ணாத்தாளின் வேலை தப்பியது. தலைமையாசிரியர் மைதிலியைப் புகழ்ந்துகொண்டே போனார். அவளுக்கு முகம் எரிந்தது.

அந்தக் கையெழுத்துகளில் ஒன்றுகூட உண்மையில்லை.

மற்ற டீச்சர்கள் நழுவியபோது, "நான் பாத்துக்கறேன்" என்று முன்வந்தவள் அவள்தான். முதல் நாளே கை வாய்க்குப் போகவில்லை. குழந்தையின் முகம் குறுக்கே வந்து நின்றது. அன்றிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் பின்னால் போவாள். சோற்றைக் காக்கைக்குக் கொட்டுவாள். முட்டையை மட்டும் ஓட்டோடு கேட்டு வாங்கி உரித்துத் தின்பாள். ஓட்டுக்குள் யார் கையும் படுவதில்லையே. மடத்தனம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பள்ளியில் கிடையாது. அவளிடம் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கே அது புரிந்துவிட்டது.

இப்போது உண்மையைச் சொன்னால் கண்ணாத்தாளின் பிழைப்பில் மண். சொல்லாமல் இருந்தால் அந்த நோட்டு முழுக்கப் பொய். இனிமேலாவது சாப்பிடுவது ஒன்றுதான் வழி.

மதிய மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. சத்துணவுக்கூடத்துக்குப் போனாள். உதவியாளர் ரஞ்சனி வழக்கம்போல் தக்காளிச் சாதத் தட்டை நீட்டினாள். மைதிலி அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைப் பக்கம் போகவில்லை. அங்கேயே, கண்ணாத்தாளுக்கு எதிரில் படியில் உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்று. விழுங்க முடிந்தது. இதற்கா இத்தனை நாள் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கண்ணாத்தாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுங்கக்கா," என்றாள் மைதிலி. ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

கண்ணாத்தாள் தலைத்துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள். பிறகு, தப்புச் செய்தவள்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அது ரஞ்சனி ஆக்குனதுங்க டீச்சர். ரெண்டு வாரமா உங்களுக்கு மட்டும் சின்னச் சட்டியில தனியா ஆக்கச் சொல்லியிருக்கறேன். நான் தொடவே இல்லீங்க. பயப்படாமச் சாப்பிடுங்க சாமி."