கட்டில்மேல் இத்தாலிக்காரன்

"அவன எங்கியாவது ஒளிச்சி வைடி! கார் ஏரிக்கரைய தாண்டிடுச்சாம்!"

அம்மா அமிர்தம் குரலை அடக்கிக்கொண்டு பதறினாள். அவனோ கட்டில்மேல் ஒட்டுத்துணி இல்லாமல் சாவகாசமாகக் கிடந்தான்.

"அது பளிங்குச் சிலைம்மா. இத்தாலியில ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடி செதுக்கினது" என்று தங்கமணி புத்தகத்தை மூடினாள்.

"எத்தினி வருசமானா இன்னா? அம்மணம் அம்மணந்தான்!"

இத்தாலியக் கலை வரலாறு, மூன்று தடித்த பாகங்கள். ஆராய்ச்சிப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு முன் இவற்றைக் கட்டாயம் படித்துவிடு என்று சென்னைப் பேராசிரியை தன் அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்திருந்தார். தங்கமணி இரண்டாம் பாகத்தில் பாதி வந்திருந்தாள். அதற்குள் அப்பா ஆதிமூலம் மக்காச்சோள அறுவடையோடு ஒரு மாப்பிள்ளையையும் பேசி முடிக்கப் பார்த்தார்.

மாப்பிள்ளை சின்னதுரைக்குச் சின்னசேலத்தில் உரக்கடை. அவனைப் பற்றி யாருக்கும் பயமில்லை. பயமெல்லாம் அவன் அம்மா ராஜாம்பாளைப் பற்றித்தான். அவர்கள் ஊரான நைனார்பாளையத்தில் அவள் தெருவில் வந்தால் மடித்துக் கட்டிய வேட்டிகள் தானாக இறங்கும். திருவிழாவில் மேடையேறி ரெக்கார்டு டான்ஸையே நிறுத்திய மனுஷி.

"அந்தம்மா முன்னாடி பரிட்சை கிரிட்சைன்னு வாயத் தொறந்துடாத" என்று ஆதிமூலம் காலையிலேயே எச்சரித்திருந்தார்.

தங்கமணிக்கு அங்கேதான் யோசனை பிறந்தது. அம்மா பார்க்க இரண்டு புத்தகங்களை நெல் மூட்டைக்குப் பின்னால் சொருகினாள். அம்மா அடுப்படிக்குத் திரும்பியதும், மிச்சமிருந்த ஒன்றைக் கட்டிலிலேயே விட்டு, அவன் இருந்த பக்கத்தை நன்றாக விரித்து வைத்தாள். பின்கட்டுக்குக் கைகழுவப் போகிறவர்கள் அந்த அறையைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

வந்தார்கள். ராஜாம்பாள் சிரிக்கவில்லை. கேசரியைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

"படிக்கிற பொண்ணுன்னாங்களே. இன்னா படிக்கிற?"

"படம், செல... அதுங்களோட வரலாறுங்க."

"சும்மா கோலம் மாதிரிங்க!" என்று ஆதிமூலம் அவசரமாக இடையில் புகுந்தார்.

"கை பிசுபிசுன்னு இருக்குது" என்று ராஜாம்பாள் எழுந்து உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பியும் வந்தாள். தங்கமணி சண்டைக்குக் காத்திருந்தாள்.

ராஜாம்பாளோ மகனிடமிருந்த கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள்.

"வூட்ட நல்லா சுத்திப் பாத்துக்கினு வரட்டும்" என்றார் ஆதிமூலம் பெருமையாக.

காபி ஆறி ஏடு படிந்தது. சின்னதுரை "எம்மா" என்று குரல் கொடுத்துப் பார்த்தான், பதிலில்லை. கடைசியில் அவள் வந்தபோது முகம் கல்லாக இருந்தது. இடுப்பில் குழந்தையைப் போலப் புத்தகம்.

அமிர்தம் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆதிமூலம் துள்ளி எழுந்தார். "அம்மா, அது பாடப் பொஸ்தகங்க. சத்தியமா பாடப் பொஸ்தகம்!"

"நீங்க உக்காருங்கண்ணே. நான் பொண்ணுகிட்ட தனியா பேசணும்."

தங்கமணியை அறைக்குள் அழைத்துப்போய் ராஜாம்பாள் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே அப்பாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துவிட்டு வந்ததில் தங்கமணிக்கு மனசு சுருக்கென்றது. ஆனாலும் இனிப் பின்வாங்க முடியாது.

"இத நீயாதான் தொறந்து வெச்சியா?"

"ஆமாங்க."

"எங்கண்ணுல படணும்னு?"

"ஆமாங்க. நான் பரிட்சை எழுதணும், மேல படிக்கணும். இப்ப எனக்குக் கண்ணாலம் வேணாங்க. நீங்களே வேணாம்னு சொல்லிட்டா எங்கப்பா ஒண்ணும் பண்ண முடியாது."

சொல்லிவிட்டாள். ராஜாம்பாள் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

ராஜாம்பாள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். புத்தகத்தின் முதுகில் அச்சிட்டிருந்த எண்ணை விரலால் தட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கண்ணாலம் கெடக்குது வுடு. இது ரெண்டாவதுன்னா, மொதலாவது எங்க?"